துவைகல்லும் செங்காவியும்

18-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு ஓவியர்கள் ஊர்ப்புறத்தை வரையக் கையில் எடுத்துப்போன சிவப்புக் கட்டியும், மார்கழியில் நாம் கோலத்தைச் சுற்றி இழுக்கும் காவியும் ஏறத்தாழ ஒரே பொருள்தான். இரும்புச்சத்து ஏறிய களிமண். அதற்குச் சிவப்பைத் தருவது ஹேமடைட் என்ற கனிமம். ஆத்தூரிலிருந்து கிளம்பி, திருச்செந்தூரைக் கடந்து, குதிரைமொழித் தேரிப் பக்கம் போனவர்களுக்கு அந்தச் சிவப்பை விளக்க வேண்டியதில்லை. அங்கே மேடு மேடாகக் கிடக்கும் மணலின் ஒவ்வொரு துகள்மேலும் படிந்திருப்பது அதே இரும்புதான். தேரிமண் ஏறிய பள்ளிச் சட்டையைத் துவைத்தவர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

பிரெஞ்சுக்காரர்கள் அந்தக் கட்டிக்கு சாங்கீன் என்று பெயர் வைத்தார்கள். ரத்தம் என்ற சொல்லடியாகப் பிறந்த பெயர். மைக்கூடு வேண்டாம், தண்ணீர் வேண்டாம், தூரிகை வேண்டாம். ஒரு துண்டுக் கட்டியைப் பிடியில் செருகிக்கொண்டு ஆற்றங்கரையில் போய் உட்காரலாம். அழுத்தினால் அடர்சிவப்பு, லேசாக இழுத்தால் வெயில் பட்ட சுவரின் நிறம். ஒரு குறை உண்டு: எளிதில் அழியாது. தவறாக இழுத்த கோடு தவறாகவே நிற்கும். வாத்தோ சிவப்பு, கறுப்பு, வெள்ளை என்று மூன்று கட்டிகளையும் ஒரே தாளில் சேர்த்து வரைந்தார். பூஷே கறுப்புக் கட்டியால் வேலியும் குடிசையும் கோழியுமாக வரைந்து தள்ளினார். (இயற்கை அளவுக்கு மீறிப் பச்சையாக இருக்கிறது, வெளிச்சமும் சரியில்லை என்று அவர் குறைப்பட்டதாக ஒரு கதை உண்டு.) சிவப்புக் கட்டியை அதன் எல்லைவரை கொண்டுபோனவர்கள் ஃப்ராகொனாரும் ஹூபேர் ரொபேரும்.

ரொபேர் 1754-ல் இத்தாலி போய் 1765 வரை அங்கே இருந்தார். அந்த ஆண்டுகளில் வரைந்த செங்காவித் தாள்களில் பெருந்தொகுதி ஒன்று இப்போது பிரான்சின் வலான்ஸ் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1835-ல் ஒரு சேகரிப்பாளர் கொடுத்தது. இடிந்த வளைவு, அதன்மேல் முளைத்த செடி, நீரூற்று, கல்தொட்டி, பின்னால் மரங்கள். மரத்தின் இலைகளை அவர் ஒவ்வொன்றாக வரைவதில்லை. கையைத் தாளிலிருந்து எடுக்காமல் முன்னும் பின்னும் மடக்கி மடக்கி இழுக்கும் ஒரே கோட்டில் காற்றும் நிழலும் வந்துவிடுகின்றன. எனக்கு இந்தத் தாள்கள் பிடிக்கும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிடிக்காததைப் பற்றி இவ்வளவு நேரம் யாரும் யோசிக்கமாட்டார்கள்.

ரொபேரின் படங்களில் திரும்பத் திரும்ப வரும் ஆட்கள் துவைக்கும் பெண்கள். தொட்டியின் விளிம்பில், ஊற்றின் காலடியில், ஆற்றின் ஓரத்தில், குனிந்து, துணியை நீரில் அலசிக்கொண்டு அல்லது உலர்த்திக்கொண்டு. ஓவிய உலகம் இத்தகைய சின்ன உருவங்களுக்கு ஸ்டாஃபேஜ் என்று பெயர் வைத்திருக்கிறது. காட்சியை நிரப்பப் போடும் ஆட்கள் என்று பொருள் கொள்ளலாம். அவர்களுக்கு வேலை இருக்கிறது. ஆனால் அது துணி துவைப்பது அல்ல. பின்னால் நிற்கும் வளைவு எவ்வளவு உயரம் என்று பார்வையாளருக்குச் சொல்வது. அவள் இல்லாவிட்டால் அந்தக் கல்தூண் பத்தடியா நாற்பதடியா என்று நமக்குத் தெரியாது. அளவுகோல் அவள். அளவுகோலுக்கு முகம் தேவையில்லை. ஆகவே பெரும்பாலும் இருப்பதில்லை.

அந்தக் காலத்து பிரான்சில் துவைப்பது என்றால் என்ன? வசதியான வீடுகளில் துணியை மாதக்கணக்கில் சேர்த்துவைத்து, ஆண்டுக்குச் சில தடவை மட்டும் மொத்தமாகப் போடுவார்கள். பெரிய மரத்தொட்டியில் துணியை அடுக்கி, மேலே சாம்பலைப் பரப்பி, கொதிநீரை ஊற்றி, கீழே வடியும் சாம்பல்நீரை மறுபடி சூடாக்கி மறுபடி ஊற்றி, நாள் முழுக்க அதே வேலை. பிறகு ஈரத்துணியை ஆற்றுக்குச் சுமந்துபோய், வைக்கோல் பரப்பிய பெட்டியில் முழங்கால் போட்டு, மரக்கட்டையால் அடிப்பது. சாம்பல்நீர் தோலை அரிக்கும்; குளிர்கால ஆற்றுநீர் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். நம் பக்கத்து உவர்மண்ணும் வெள்ளாவியும் தெரிந்தவர்களுக்கு இது அந்நியமான கதை இல்லை. உவர்மண்ணில் நனைத்த துணியைப் பானையின்மேல் அடுக்கி ஆவியில் வேகவைத்து, விடியுமுன் துறைக்குக் கொண்டுபோன வீடுகள் தாமிரபரணிக் கரை முழுக்க இருந்தன.

படத்தில் இந்த வேலையின் ஒரு நொடி மட்டும் வருகிறது. குனிந்த நொடி. அடுப்பு இல்லை, சுமை இல்லை, கை இல்லை. அந்த நொடியின் வளைவு மேலேயுள்ள கல் வளைவோடு இசைந்து போகிறது. விமர்சகர்கள் அந்த இசைவைப் பாராட்டுவார்கள். நியாயமான பாராட்டுதான், கண்ணுக்கு அது இசைகிறது. முதுகுக்கு எப்படி இருந்தது என்பது வேறு கேள்வி. அதைக் கேட்கும் பழக்கம் விமர்சனத்துக்கு வெகுகாலம் வரவில்லை.

இன்னொரு சின்ன விஷயம். செங்காவித் தாளின்மேல் ஈரத்தாளை வைத்து அழுத்தி எடுத்தால், படம் இடவலம் மாறி மங்கலாக அதில் பதியும். ரொபேரும் அவர் காலத்தவரும் இப்படி நகல் எடுத்துவைத்துக்கொண்டார்கள். மூலம் விற்கப்படும், நகல் பட்டறையில் இருக்கும். எது மூலம், எது நகல் என்று அறிய நிபுணர்கள் நிழல்கோடுகள் எந்தப் பக்கம் சாய்கின்றன என்று பார்க்கிறார்கள். வலக்கைக்காரரின் கோடு நகலில் எதிர்ப்பக்கம் சாயும். வரைந்தவனின் கையைக் கண்டுபிடிக்க இத்தனை நுட்பம் வளர்ந்திருக்கிறது. அதே நகலில் துவைப்பவளும் இடக்கைக்காரியாக மாறியிருப்பாள்.

கட்டி பெண் கையில் இருந்திருந்தால்? பிரெஞ்சு அரசக் கலைக்கழகம் 1770-ல் ஒரு முடிவு எடுத்தது: ஒரே நேரத்தில் நான்கு பெண்களுக்குமேல் உறுப்பினர் இருக்கக் கூடாது. 1783-ல் விஜே லெ ப்ரனும் லபீய்-கியாரும் ஒரே நாளில் சேர்ந்தபோது அந்த நான்கு நிரம்பியது. சேர்ந்தவர்களுக்கும் ஆணுடலைப் பார்த்து வரையும் வகுப்பில் இடம் இல்லை. உருவப்படம், பூ, பழம், குட்டி ஓவியம் என்று அவர்களுக்கு விட்டுவைத்த துறைகள் வேறு. கட்டிக் கோட்டைச் செப்புத் தகட்டில் அப்படியே போலிசெய்து அச்சடிக்கும் உத்தி அந்த நூற்றாண்டின் நடுவில் வந்ததும், பூஷேயின் படங்கள் மலிவாக வீடுகளுக்குள் நுழைந்தன. வீட்டுக்குள்ளிருந்தே வரையக் கற்க விரும்பிய பெண்களுக்கு அவையே பாடப்புத்தகம். ஆற்றங்கரையை அவர்கள் ஆற்றங்கரையில் உட்கார்ந்து கற்கவில்லை. பூஷேயிடமிருந்து கற்றார்கள்.

ஃப்ராகொனார் வீட்டிலேயே ஒரு கதை உண்டு. அவர் மனைவி மரி-ஆன் ழெரார் குட்டி ஓவியங்கள் வரைபவர். அந்த ஓவியங்கள் நெடுங்காலம் கணவர் வரைந்தவை என்றே விற்கப்பட்டன, பாராட்டப்பட்டன, பட்டியலிடப்பட்டன. ஃப்ராகொனாரை வாழ்நாள் முழுக்க ஆராய்ந்த பியேர் ரொசன்பேர் என்ற ஆய்வாளர் 1996-ல்தான் அவற்றை அவள் பெயருக்கு மாற்றினார். குடும்பப்பெயர் ஒன்றாக இருந்ததே போதுமானதாக இருந்திருக்கிறது.

நம் பக்கம் பெண் கையில் காவி எப்போதும் இருந்தது. அதுவும் குனிந்து வரைவதுதான். தூரத்திலிருந்து யாராவது வரைந்தால், கோலம் போடுகிறவளா துணி அலசுகிறவளா என்று சொல்ல முடியாது. அவள் கோடு பிற்பகலுக்குள் காலடியில் போய்விடும். வலான்ஸின் தாள்கள் அதே மண்ணால் ஆனவை. மங்கிய வெளிச்சத்தில், ஈரப்பதம் அளந்து பாதுகாக்கப்படுகின்றன. கோலம் கலையா கைப்பழக்கமா என்ற பழைய பட்டிமன்றத்துக்குள் நான் போகவில்லை. ஒரே மண் ஓரிடத்தில் தாளாகவும் இன்னோரிடத்தில் தரையாகவும் ஆனதற்குக் காரணம் மண்ணில் இல்லை என்று மட்டும் சொல்லி நகர்கிறேன். ஏனென்றால் எனக்கு இங்கே முக்கியம் ஆறு.

ரொபேர் பின்னாளில் அரசரின் தோட்ட வடிவமைப்பாளர் ஆனார். 1783 தொடங்கி வெர்சாயில் அரசி மரி அந்துவானெத்துக்காக ஒரு பொய்க் கிராமம் கட்டினார்கள்: ஓலை வேய்ந்த கூரை, ஆலை, பால்பண்ணை, குளம். அதன் உருவாக்கத்தில் ரொபேரின் கண்ணும் இருந்தது. வரைந்த ஊர்ப்புறம் நடந்து பார்க்கக்கூடிய ஊர்ப்புறம் ஆயிற்று. சுவர்களில் விரிசல் விழுந்ததுபோல் வேண்டுமென்றே வண்ணம் தீட்டியிருந்தார்கள். 1789 அக்டோபரில் பாரிஸின் சந்தைப் பெண்கள் ரொட்டி கேட்டு வெர்சாய்க்கு நடந்தே வந்தார்கள். அவர்கள் யாருக்கும் அளவுகோலாக வரவில்லை.

இந்தப் பார்வை நம் ஆற்றுக்கு வந்த ஆண்டு 1792. கொண்டுவந்தவர்கள் ஆங்கிலேயர்: தாமஸ் டேனியலும் அண்ணன் மகன் வில்லியமும். ஏப்ரலில் சென்னையிலிருந்து கிளம்பி, மைசூர்ப் போர் அப்போதுதான் ஓய்ந்திருந்த பாதை வழியே தெற்கே இறங்கி, திண்டுக்கல், மதுரை, குற்றாலம், பாபநாசம், களக்காடு என்று பார்த்து, ஆண்டு முடியுமுன் சென்னை திரும்பினார்கள். கையில் சிவப்புக் கட்டி இல்லை. பென்சிலும் நீர்வண்ணமும், காட்சியைக் கண்ணாடி வழியே தாளில் விழவைக்கும் இருட்டுப்பெட்டியும். ஆனால் பார்க்கக் கற்ற பள்ளி ஒன்றுதான். முன்னே நிழல், நடுவில் நீர், தூரத்தில் மலை, ஓரத்தில் ஒரு மரம், கீழே சில சின்ன மனிதர்கள் என்ற அந்த அடுக்கு 17-ஆம் நூற்றாண்டில் ரோமில் வாழ்ந்த பிரெஞ்சு ஓவியர் கிளோத் லொரெனிடமிருந்து ஐரோப்பா முழுக்கப் பரவியது. ரொபேரும் அதை வாங்கிக்கொண்டார், டேனியல்களும் வாங்கிக்கொண்டார்கள்.

1795 முதல் 1808 வரை அவர்கள் லண்டனில் வெளியிட்ட 144 படங்களின் தொகுதியில் பாபநாசம் அருவி இருக்கிறது. தாமிரபரணி மலையிலிருந்து குதிக்கும் இடம். அங்கே விழும் நீர்தான் அணைக்கட்டுகளையெல்லாம் தாண்டி, திருவைகுண்டத்தில் மிச்சம் மீதியைக் கொடுத்துவிட்டு, ஆத்தூரின் வெற்றிலைக் கொடிக்கால்களை நனைத்து, புன்னக்காயலில் கடலுக்குப் போகிறது. படத்தின் தலைப்போ அந்தப் பாபநாசத்தைத் தஞ்சாவூர்ச் சீமையில் வைக்கிறது! தஞ்சைப் பக்கத்துப் பாபநாசத்தில் அருவிக்கு வழியே இல்லை, சமவெளி. இரண்டு ஊருக்கும் ஒரே பெயர், அவ்வளவுதான். சின்னப் பிழை, மன்னிக்கலாம். ஆனால் அழகிய காட்சிக்கு அது எந்த ஊர் என்பது எவ்வளவு முக்கியமில்லாமல் போகிறது என்பதையும் அந்தத் தலைப்பு காட்டிக்கொடுக்கிறது.

எந்த ஊர் என்பதைத் துல்லியமாகத் தெரிந்துவைத்திருந்தவர்கள் வேறு ஆட்கள். அதே 1792-ல் ஆற்காட்டு நவாபோடு செய்த உடன்படிக்கையால், பாளையக்காரர்களிடம் கப்பம் வசூலிக்கும் உரிமை கும்பெனிக்கு வந்தது. ஏழு ஆண்டில் கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்டார்கள். 1801-ல் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை தரைமட்டம். டேனியல்களின் தென்னாட்டு நிலக்காட்சிகள் லண்டனில் அச்சேறி வாங்கப்பட்டது இதையெல்லாம் ஒட்டிய ஆண்டுகளில். படங்களில் போர் இல்லை, கப்பம் இல்லை. அருவி இருக்கிறது, பாறை இருக்கிறது. தொகுதி நெடுக நடமாடும் சின்ன மனிதர்கள், அருவியும் கோபுரமும் எவ்வளவு பெரியவை என்று சொல்லும் பழைய வேலையைச் செய்கிறார்கள்.

இந்த இடத்தில் நாம் வழக்கமாக ஒரு முடிவுக்கு வந்துவிடுவோம்: ஐரோப்பிய ஆண் பார்வை, காலனியப் பார்வை, பெண் புள்ளியானாள். சரிதான். ஆனால் அந்தப் புள்ளியாக ஆவதற்கும் ஒரு தகுதி வேண்டியிருந்தது. பகல் வெளிச்சத்தில் ஆற்றங்கரையில் நிற்க அனுமதி வேண்டும்.

தாமிரபரணிக் கரையில் எல்லாத் துவைப்பவர்களுக்கும் அந்த அனுமதி இல்லை. ஊர்த்துணி வெளுத்தவர்கள் வண்ணார். தலித் மக்களின் துணியை வெளுத்தவர்கள் புதிரை வண்ணார். அவர்களைப் பார்ப்பதே தீட்டு என்று சாதி வைத்திருந்தது. 1932 டிசம்பரில் இந்து நாளிதழில் வந்த ஒரு செய்தி, திருநெல்வேலி மாவட்டத்தில் பகலில் வெளியே வரக்கூடாது என்று தடுக்கப்பட்டு, இரவில் மட்டுமே வேலை செய்த இந்த மக்களைப் பற்றிச் சொல்கிறது. சாதி பற்றி நூல் எழுதிய ஹட்டன் அதை எடுத்தாண்டிருக்கிறார். தீண்டாமைக்கு மேலே ஒரு படி, காணாமை. நிலக்காட்சி என்ற கலையே வெளிச்சத்தில் நிற்கிறது. ரொபேரின் கல்தொட்டி ஓரத்துப் பெண் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் அவள்மேல் வெயில் விழுகிறது. நம் கரையில் நள்ளிரவில் துணி அலசியவளை எந்த இருட்டுப்பெட்டியும் பிடித்திருக்க முடியாது. டேனியல்கள் வரைய மறுத்தார்கள் என்று அவர்கள்மேல் பழி போடவும் வழியில்லை. அவர்கள் வருவதற்கு முன்பே ஊர் அவளைப் படத்திலிருந்து எடுத்துவிட்டிருந்தது.

அவள் அலசிய துணி எது? பிள்ளைபெற்ற துணி, வயதுக்குவந்த துணி, மாதவிலக்குத் துணி, சாவு வீட்டுத் துணி. பூப்பெய்திய பெண்ணுக்கு மாற்றுத்துணி கொண்டுவருவதும் வண்ணார் வீட்டுப் பெண்தான். ஊர்ப் பெண்களின் ரத்தம் முழுவதும் அவள் கைவழியே ஆற்றில் கரைந்தது. பிரெஞ்சுக்காரர்கள் ரத்தத்தின் பெயரை ஒரு மண்கட்டிக்கு வைத்து, அதனால் துவைக்கும் பெண்களை வரைந்தார்கள் என்று படித்தபோது, எனக்கு நினைவுக்கு வந்தது அந்தத் துணிமூட்டைதான். பெண்ணிய வாசிப்பு என்று சொல்லிக்கொண்டு ஓவியத்துக்குள் பெண்ணைத் தேடுகிற நாம், நம் பாட்டிகளின் தீட்டுத்துணியை யார் துவைத்தார்கள் என்று எத்தனை தடவை கேட்டிருக்கிறோம்? என் வீட்டில் நான் கேட்டபோது, சாமான்கள் அடுக்குவதுபோல ஒரு பதில் வந்தது: ‘அதுக்கு ஆள் வரும்.’ ஆள் என்றுதான் சொன்னார்கள். ஸ்டாஃபேஜுக்கு இதைவிட நல்ல தமிழ்ச்சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

தமிழில் அந்த ஆளுக்குப் பெயரும் முகமும் வந்தது 1994-ல், இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ நாவலில். புதிரை வண்ணார் குடும்பத்து ஆரோக்கியம் அதில் எந்தக் காட்சிக்கும் அளவுகோல் இல்லை. துணி எடுக்கிறாள், வெளுக்கிறாள், சோற்றுக்கு வாசல் வாசலாக நிற்கிறாள், பிரசவம் பார்க்கிறாள், பிணத்துக்கு வேண்டியதைச் செய்கிறாள். நாவல் வந்தபோது அதை ஒட்டி எழுந்த சண்டைகள் நமக்குத் தெரியும். தலித் மக்களுக்குள்ளே இருக்கும் படிநிலையைப் பேசலாமா என்ற கேள்வி இன்னும் முடியவில்லை. ஒரு துவைக்கும் பெண்ணை முன்னால் கொண்டுவந்து நிறுத்தினால் பின்னால் இருக்கும் எல்லாமே அளவு மாறிவிடுகிறது என்பதால்தான் அந்தச் சண்டை வந்தது என்று நினைக்கிறேன். நாவலை எழுதியவர் ஆண். அதையும் சொல்லாமல் விட முடியாது. உள்ளிருந்து எழுதும் ஓர் ஆரோக்கியத்துக்காக இன்னும் காத்திருக்கிறோம்.

இந்தக் கட்டுரைக்காகப் படங்களை மறுபடி பார்த்துக்கொண்டிருந்த வாரத்தில் ஆத்தூர்ப் பாலத்துக்குக் கீழே ஆற்றுக்குப் போனேன். வீடுகளில் வாஷிங் மெஷின் வந்துவிட்டது. ஆனாலும் போர்வையும் ஜமுக்காளமும் ஆற்றுக்குத்தான் வருகின்றன. ஐந்தாறு பெண்கள் கல்லில் அடித்துக்கொண்டிருந்தார்கள். மேலே ஒரு ட்ரோன் ரீங்கரித்தது. தாமிரபரணியை மேலிருந்து காட்டும் காணொளிகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள்: இருபக்கமும் வாழை, நடுவே வெள்ளி நீர், கரையில் வண்ண வண்ணப் புள்ளிகள், பின்னணியில் புல்லாங்குழல். கிளோத் லொரென் பார்த்தால் சந்தோஷப்படுவார்.

ஒரு புள்ளி நிமிர்ந்தது. ஈரக்கையை நெற்றியில் வைத்து வெயிலை மறைத்துக்கொண்டு மேலே பார்த்தார், அறுபது வயதிருக்கும். கரையில் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்ற பையனைக் கண்டுபிடிக்க அவருக்கு நேரம் ஆகவில்லை.

“ஏலேய், பொம்பளைய குளிக்கிற எடத்துல என்னல படம் புடிக்கே? எறக்குல அத.”

அவன் இறக்கினான்.